தலவாக்கலைத் தொகுதி: வாக்காளர் நீங்கிய பின்னும் நின்ற எல்லைக்கோடு

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான். தமது பாட்டனார் வைத்திருந்த பழைய கடதாசிகளுக்கிடையே "தலவாக்கலைத் தேர்தல் தொகுதி" என்ற சொற்களைக் கண்டிருக்கிறார். இன்றைய பட்டியல் எதிலும் அப்படியொரு தொகுதி இல்லை. தேடிப் பார்த்ததில், இலங்கைப் பாராளுமன்றத்தில் 1947 முதல் 1960 வரை மட்டுமே அது இருந்ததாகத் தெரிய வந்திருக்கிறது. ஒரு தொகுதி ஏன் பதின்மூன்று ஆண்டுகளில் மறைய வேண்டும், அங்கிருந்த மக்கள் குடிபெயர்ந்துவிட்டார்களா என்று கேட்கிறார். இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அந்தத் தொகுதியை ஏன் வரைந்தார்கள் என்பது ஒன்று. ஏன் அழித்தார்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே அவர் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது: இடைப்பட்ட காலத்தில் அந்தத் தொகுதியின் வாக்காளர் யார்? மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே அதில் சற்று அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

நான் நெடுங்காலம் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அரசறிவியல் கற்பித்தவன். 1947 தேர்தலுக்கு அடிப்படையான அரசியலமைப்பாகிய சோல்பரி யாப்பைப் பாடமாக எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளைகளில் ஒருவராவது இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டதுண்டு. யாப்பின் பிரிவுகள், சட்டங்கள், தேர்தல் திகதிகள் ஆகியவற்றை உறுதியாகச் சொல்வேன். தனித்தனித் தோட்டங்கள் எந்த எல்லைக்குள் விழுந்தன என்பதை அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லை விவரிப்புகள் ஆறு, ஓடை, தோட்ட எல்லைக்கல் என்று வரிக்கு வரி செல்பவை. இன்றைய வரைபடத்தை வைத்து அவற்றை ஊகித்தால் தவறு நேரும்.

முதலில் ஒரு திருத்தம். தலவாக்கலை என்ற பெயரில் தொகுதி ஒன்று 1947இல் திடீரென்று தோன்றவில்லை. சோல்பரிக்கு முந்திய டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது, அன்றைய சட்டவாக்க சபையான அரசாங்க சபைக்கு உறுப்பினரை அனுப்பிய ஐம்பது தொகுதிகளில் தலவாக்கலையும் அட்டனும் இருந்தன. அட்டனிலிருந்து 1931இல் பெரி சுந்தரம் சென்று தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார், 1936இல் கோ. நடேசய்யர் சென்றார். தலவாக்கலைக்கு எஸ். பி. வைத்திலிங்கம் உறுப்பினராக இருந்தார். எனவே பெயரின் வயது ஏறக்குறைய முப்பது ஆண்டு. பதின்மூன்று ஆண்டு என்பது பாராளுமன்றத் தொகுதியின் வயது மட்டுமே. அந்த முந்திய காலத்திலேயே வாக்குரிமை எல்லோருக்கும் ஒரே வழியில் கிடைக்கவில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். அல்லது எழுத்தறிவோடு சொத்து அல்லது வருமானத் தகுதியும் இருக்க வேண்டும். அல்லது நிரந்தரமாகக் குடியேறியதற்கான சான்றிதழ் பெற வேண்டும். தோட்டத் தொழிலாளியின் பெயர் வாக்காளர் பட்டியலான இடாப்பில் ஏறுவது அன்றே வழக்குக்கும் வாதத்துக்கும் உரிய விடயமாகத்தான் இருந்தது. வாக்கு வந்த நாளிலிருந்தே அது பறிபோகக்கூடிய வாக்காக இருந்தது.

இனி வரைந்த கதை. 1946இல் எல். எம். டி. த சில்வா தலைமையிலான எல்லை நிர்ணய ஆணைக்குழு, புதிய பிரதிநிதிகள் சபைக்குரிய தொகுதிகளை வகுத்தது. விதி எளிமையானது. ஒவ்வொரு மாகாணத்திலும் வசிப்போர் 75,000 பேருக்கு ஓர் ஆசனம்; அதற்கு மேல் ஆயிரம் சதுர மைல் நிலத்துக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கில் கூடுதல் ஆசனங்கள். நிலப்பரப்புக்கான இந்தக் கூடுதல் மொத்தம் 25. ஆட்தொகைக்கு 70, பரப்புக்கு 25 என 95 உறுப்பினர்கள் தெரிவாகும் வகையில் 89 தொகுதிகள் அமைந்தன. நியமன உறுப்பினர் ஆறு பேரோடு சபை 101 பேர் கொண்டதாயிற்று. இங்கே கவனிக்க வேண்டிய சொல் "வசிப்போர்". குடிசன மதிப்பீட்டில் கணக்கெடுக்கப்பட்ட ஒவ்வொரு தலையும் சேரும். அவர் வாக்காளரா, பிரசையா என்ற கேள்வி எழவில்லை. 1946 கணக்கெடுப்பின்படி இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டின் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 11.7 விழுக்காடு. அவர்களில் பெரும்பகுதியினர் மத்திய, ஊவா, சப்பிரகமுவ மாகாணங்களின் தோட்டங்களில் இருந்தார்கள். ஆகவே அந்த மாகாணங்களுக்குக் கிடைத்த ஆசனங்களில் கணிசமானவை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் அறைகளில் எண்ணப்பட்ட தலைகளால் கிடைத்தவை.

இரண்டாவது விதி இன்னும் முக்கியமானது. ஒரு மாகாணத்துக்குள் தொகுதிகள் இயன்றவரை சம ஆட்தொகை கொண்டிருக்க வேண்டும் என்று சோல்பரி யாப்பின் 41ஆம் பிரிவு சொல்லியது. ஆனால் இனத்தாலோ மதத்தாலோ வேறு வகையாலோ ஒரு பொது நலனால் இணைந்த மக்கள், அந்தப் பகுதியின் பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்களாகத் திரண்டு வாழும் இடத்தில், அந்த நலனுக்குப் பிரதிநிதித்துவம் கிடைக்கும் வகையில் எல்லையை வகுக்க ஆணைக்குழுவுக்கு அதே பிரிவு இடம் தந்தது. தலவாக்கலையையும் கொட்டகலையையும் நிலப்படத்தில் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். மலைநாட்டு ரயில் பாதையில் அட்டனைத் தாண்டினால் கொட்டகலை, அடுத்து தலவாக்கலை, அதற்கப்பால் நானுஓயா. இரண்டும் சிறிய கடைத்தெரு ஊர்கள். சுற்றிலும் லிந்துலை, அக்கரப்பத்தனை, பூண்டுலோயா என்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. இவ்வளவு அருகருகே இருக்கும் இரண்டு ஊர்களின் பெயரில் இரண்டு தனித் தொகுதிகள் அமைந்ததற்குக் காரணம் அங்கே தோட்ட மக்கள் நெருக்கமாகத் திரண்டிருந்ததுதான். ஊர்களின் பெருமையால் வந்த தொகுதிகள் அல்ல அவை. சுற்றியிருந்த லயன்களால் வந்தவை.

1947 ஓகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை பல நாட்களாக நடந்த பொதுத் தேர்தலில் அந்த வரைவு தான் எண்ணியதைச் செய்தது. தோட்ட மக்களின் அமைப்பான இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை வென்றார். கொட்டகலையில் கே. குமாரவேலு, நுவரெலியாவில் சௌ. தொண்டமான், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், அளுத்நுவரையில் டி. இராமானுஜம், இரு உறுப்பினர் தொகுதியான பதுளையில் எஸ். எம். சுப்பையா ஆகியோர் தெரிவானார்கள். இந்தப் பெயர்கள் ஏழு. சில தேர்தல் அட்டவணைகளில் அந்தக் கட்சிக்கு ஆறு ஆசனங்கள் என்றே இருக்கும். மலையக வரலாறு எழுதுவோர் ஏழு என்பார்கள். ஏழு என்ற எண்ணையே நான் ஏற்கிறேன், ஏனெனில் சபையில் அவர்கள் ஏழு பேராகவே அறியப்பட்டார்கள். ஆறு என்று எங்கேனும் கண்டால் அதைப் பிழை என்று உடனே தள்ளிவிட வேண்டாம். கட்சி அடையாளத்தை யார் எப்படிப் பதிந்தார்கள் என்பதில் வரும் வேறுபாடு அது.

தலவாக்கலையின் உறுப்பினர் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. வேலுப்பிள்ளை பூண்டுலோயாவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், கவிஞர், தொழிற்சங்கக்காரர். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடிச் சேர்த்தவர். தாம் பிறந்த மண்ணின் மக்களாலேயே தெரிவு செய்யப்பட்டுப் பாராளுமன்றம் சென்றவர். எல்லை வரைந்த சட்டப்பிரிவு "பொது நலனால் இணைந்த மக்கள்" என்று வறண்ட மொழியில் சொல்லியதை, 1947இல் தலவாக்கலை அனுப்பிய மனிதரைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

அடுத்து நிகழ்ந்ததைப் பலர் ஒரே சட்டத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள். அது மூன்று சட்டங்களின் வேலை. வகுப்பில் நான் எப்போதும் இதைப் பிரித்தே சொல்வேன், ஏனெனில் பிரிக்காவிட்டால் தொகுதியின் கதை குழம்பிவிடும். முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம். நாடு 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் பெற்றது, இந்தச் சட்டம் அதே ஆண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் பிரசையாக வேண்டுமானால், அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயனில் பிறந்தவரிடம் தம் தந்தையின் பிறப்புப் பதிவைக் கேட்டால் அவர் எங்கே போவார்? கோடாலி பிடித்துக் காடு வெட்டக் கண்டிச்சீமைக்கு வந்த தலைமுறைக்குப் பிறப்புச் சான்று என்று ஒரு காகிதம் இருந்ததில்லை. ஆனால் இந்தச் சட்டம் வாக்காளர் இடாப்பைத் தொடவில்லை.

இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். வம்சாவளியால் பிரசையாக முடியாதவர் விண்ணப்பித்துப் பதிவு பெறும் வழியை அது திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், திருமணமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5 வரை காலம். இலங்கை இந்திய காங்கிரஸ் முதலில் இதைப் பகிஷ்கரித்தது. பின்பு கடைசிக் கட்டத்தில் மனம் மாறியது. அதனால் விண்ணப்பங்கள் காலக்கெடுவின் விளிம்பில் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள். குடும்பத்தாரையும் சேர்த்தால் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள். விசாரணைகள் பத்தாண்டுக்கு மேல் நீண்டன. கடைசியில் பதிவு பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். அந்தப் பகிஷ்கரிப்பு தவறான முடிவு என்று நான் கருதுகிறேன். ஆயினும் தொடக்கத்திலேயே விண்ணப்பித்திருந்தால் முடிவு பெரிதும் மாறியிருக்கும் என்றும் சொல்ல மாட்டேன், ஏனெனில் நிராகரிப்புகள் பெரும்பாலும் சான்றுகளின் மீதே எழுந்தன.

மூன்றாவதுதான் தொகுதியை நேராகத் தாக்கியது: 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம். இலங்கைப் பிரசை அல்லாத எவருடைய பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்கக் கூடாது என்றது அது. 1950இல் இடாப்புகள் திருத்தப்பட்டபோது, பிரசாவுரிமை விண்ணப்பம் கொடுத்துக் காத்திருந்தவர்கள், கொடுக்கவே நேரமில்லாதவர்கள் என அனைவருடைய பெயர்களும் நீங்கின. தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா போன்ற தொகுதிகளின் இடாப்பு பழைய அளவில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. மக்கள் எங்கும் போகவில்லை. கேட்டவருக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதே லயன்களில், அதே மலைகளில், அதே கொழுந்துக் கூடையோடு அவர்கள் இருந்தார்கள். பெயர் மட்டுமே போயிற்று.

இதைச் சட்டத்தின் முன் கொண்டு சென்றார்கள். கோடக்கன் பிள்ளை என்பவர் றுவன்வெல்லத் தொகுதியின் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரினார். எந்தச் சமூகத்தின் மீதும் பிறருக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பாராளுமன்றம் சுமத்தக் கூடாது என்ற யாப்பின் 29(2) பிரிவை அவர் சார்பில் காட்டினார்கள். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அந்த வாதத்தை ஏற்றார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) உயர் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டின் சட்டவாக்கத்துக்கும் இயல்பான அதிகாரம் என்பதே தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது உண்மைதான். அதன் விளைவு யார் மீது விழுந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை. 29(2) பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பு என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு தந்த அதிர்ச்சி பின்னாளைய அரசியல் முழுவதிலும் தங்கியது.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைச் சரிசெய்கிறேன். மலையக உறுப்பினர்கள் 1948இலேயே சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அப்படி இல்லை. பாராளுமன்றம் 1952 ஏப்ரல் 8இல் கலைக்கப்படும் வரை அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுட்காலம் ஓடியது. தம்மைத் தெரிவு செய்தவர்களில் பெரும்பாலோர் வாக்காளர்களாக இல்லாமற்போன பின்னும் அவர்களுக்காகப் பேச வேண்டிய நிலை அந்த உறுப்பினர்களுடையது. மற்றொன்று, வாக்குரிமை போனதும் தொகுதியையும் நீக்கிவிட்டார்கள் என்ற எண்ணம். தொகுதி நீங்கவில்லை. இந்தக் கதையில் மிக வினோதமான பகுதி அதுதான்.

எல்லைகளை மாற்றக் குடிசன மதிப்பீடும் புதிய ஆணைக்குழுவும் வேண்டும். 1952 மே 24 முதல் 30 வரை நடந்த தேர்தலும், 1956 ஏப்ரலில் நடந்த தேர்தலும் 1946இல் வரைந்த அதே எல்லைகளில் நடந்தன. அதாவது, தோட்ட மக்களைத் தலை தலையாக எண்ணி, அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைக்கட்டும் என்று வரைந்த தொகுதியில், அவர்கள் வாக்களிக்க இயலாதவர்களாக இருக்க, எஞ்சிய சில ஆயிரம் வாக்காளர் ஓர் உறுப்பினரை அனுப்பினார்கள். தொகுதிக்குள் இருந்த சிங்களக் கிராமத்தவர், கடைத்தெரு வணிகர், உத்தியோகத்தர், பிரசாவுரிமை பெற்ற சில தோட்டக் குடும்பங்கள் ஆகியோரே அந்த எஞ்சியவர்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யத் தேவைப்பட்ட வாக்காளர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இங்கே ஒரு வாக்கின் நிறை பல மடங்கு. அந்த வாக்காளர்கள் மீது குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. அவர்கள் தம் உரிமையைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்த நிறை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வாக்கில்லாத அயலவரின் தலைக்கணக்கிலிருந்து வந்தது என்பதே விடை. வாக்குரிமையை மீளக் கோரி 1952 ஏப்ரல் 28இல் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் இலங்கை இந்திய காங்கிரஸ் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மாதக்கணக்கில் அது நீடித்தது. தேர்தல் அதைக் கடந்து நடந்து முடிந்தது. 1952, 1956, 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970 ஆகிய ஆறு பொதுத் தேர்தல்களிலும் தோட்ட மக்களின் அமைப்புகளிலிருந்து எவரும் மக்கள் வாக்கால் சபைக்குச் செல்லவில்லை. நியமன உறுப்பினர்களாகவே சென்றார்கள்.

இடையில் இன்னொரு தொகுதி, பிறக்காமலே போனது. 1954 ஜனவரியில் இந்திய, இலங்கைப் பிரதமர்களின் நேரு-கொத்தலாவலை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. புதிதாகப் பதிவு பெறும் இந்திய வம்சாவளியினரைப் பத்தாண்டுக்குத் தனி இடாப்பில் வைத்துத் தனிப் பிரதிநிதிகளைத் தெரிவு செய்ய விடலாம் என்றது அது. அதையொட்டி அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், நாடு முழுவதையும் பரப்பாகக் கொண்ட "இந்திய, பாகிஸ்தானியத் தேர்தல் தொகுதி" ஒன்றையும் அதற்கு நான்கு உறுப்பினர்களையும் ஏற்படுத்தியது. அது நடைமுறைக்கு வரவேயில்லை. தலவாக்கலைக்கு எல்லை இருந்தும் உரிய வாக்காளர் இல்லை. அந்தத் தொகுதியோ சட்டப் புத்தகத்தை விட்டு வெளியே வரவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்காமல் ஐம்பதுகளின் மலையக அரசியலைப் புரிந்துகொள்ள இயலாது என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

இப்போது அழித்த கதை. 1959ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க யாப்புத் திருத்தம் புதிய எல்லை நிர்ணயத்துக்கு வழி வகுத்தது. ஒரு மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பதை முன்போலவே அங்கு வசிக்கும் எல்லோரையும் எண்ணித் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்த ஆசனங்களை மாகாணத்துக்குள் பங்கிடும்போது, ஒவ்வொரு தொகுதியிலும் இலங்கைப் பிரசைகளின் தொகை இயன்றவரை சமமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படியுங்கள். மாகாணத்தின் கணக்கில் தோட்டத் தொழிலாளி ஒரு தலை. தொகுதியின் கணக்கில் அவர் இல்லை. அவர் இருப்பதால் மத்திய மாகாணத்துக்குக் கூடுதல் ஆசனங்கள் கிடைக்கும். அந்த ஆசனங்களோ பிரசைகள் அடர்த்தியாக இருக்கும் கிராமப்புறப் பகுதிகளுக்குச் செல்லும். பிரசைகளைத் தேடி எல்லை வரையும் ஆணைக்குழுவுக்கு, தேயிலைக்கு நடுவே தலவாக்கலைக்கென்று ஒரு தொகுதியும் கொட்டகலைக்கென்று மற்றொரு தொகுதியும் வரைய ஆட்கள் போதவில்லை. நாடு முழுவதும் தொகுதிகள் 89இலிருந்து 145ஆகவும், தெரிவாகும் உறுப்பினர் 95இலிருந்து 151ஆகவும் பெருகிய அதே வேளையில் இவ்விரண்டும் மறைந்தன. 1960 மார்ச் 19 தேர்தலில் அந்த நிலம் அயல் தொகுதிகளுக்குள் இருந்தது; நுவரெலியாவும் மஸ்கெலியாவும் பெயரளவில் தொடர்ந்தன. ஆகவே ஏன் நீக்கினார்கள் என்பதற்கு நேரான விடை: எண்ணும் அலகு வசிப்போரிலிருந்து பிரசைக்கு மாறியது, அந்த அலகில் தலவாக்கலை சிறியதாயிற்று. 1950இல் இடாப்பில் நடந்ததை 1960இல் வரைபடம் பின்தொடர்ந்தது.

நோக்கம் என்ன என்ற கேள்விக்கு இதே உறுதியோடு என்னால் விடை சொல்ல முடியாது. சொல்பவர்களையும் நான் முழுமையாக நம்புவதில்லை. 1947 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95இல் 42 ஆசனங்களே கிடைத்தன. காங்கிரஸ் போட்டியிடாத பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குச் சென்றன. அந்த அச்சமே சட்டங்களைப் பிறப்பித்தது என்பது ஒரு விளக்கம். இதில் வலு இருக்கிறது. ஆனால் கண்டிச் சிங்களவரின் தலைவர்கள் தோட்ட மக்களின் வாக்குரிமையை டொனமூர் விவாதங்களிலிருந்தே எதிர்த்து வந்தார்கள். பெருந்தோட்டத்துக்காகத் தம் கிராமங்களின் நிலம் போயிற்று, இப்போது ஆசனமும் போகிறது என்பது அவர்களுடைய முறைப்பாடு. அந்த முறைப்பாட்டின் முதற்பாதிக்கு ஆதாரம் உண்டு. நிலத்தை எடுத்தது கூலிக்கு வந்தவர் அல்லர் என்பதால் இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த இரண்டு காரணங்களில் எது எவ்வளவு என்று அளந்து சொல்வது ஆய்வாளரிடையே இன்றும் முடியாத வாதம். விளைவில் வாதமில்லை, இடாப்பும் வர்த்தமானியும் அதற்குச் சான்று.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதியாகப் பங்கிட்டன. அப்போதுதான் மலையகத்தில் மக்கள் உண்மையாகவே பெட்டி கட்டிப் புறப்பட்டார்கள். தொகுதி மறைந்தது 1960இல். புறப்பாடு அதற்குப் பின். இந்தக் கால வரிசையைத் தலைகீழாக நினைப்பவர்கள் பலர். உங்கள் கேள்வியிலும் அதன் சாயல் இருந்ததால்தான் அழுத்திச் சொல்கிறேன். 1976இன் எல்லை நிர்ணயத்தில் நுவரெலியா-மஸ்கெலியா என்ற மூன்று உறுப்பினர் தொகுதி உருவாயிற்று. 1977 தேர்தலில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோரை அடுத்து மூன்றாவது உறுப்பினராக சௌ. தொண்டமான் வென்றார். 1947இல் நுவரெலியாவில் வென்றவர், முப்பது ஆண்டு கழித்து மீண்டும் மக்கள் வாக்கால் சபைக்குள் நுழைந்தார். எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. 1989 முதல் விகிதாசார முறை. நுவரெலியா-மஸ்கெலியா இன்று மாவட்டத்துக்குள் ஒரு வாக்களிப்புப் பிரிவு.

தலவாக்கலை என்ற பெயர் தேசிய மட்டத் தேர்தல் வரைபடத்துக்குத் திரும்பவில்லை. தலவாக்கலை-லிந்துலை நகர சபையில் இருக்கிறது. கொட்டகலையின் பெயரும் அக்கரப்பத்தனையின் பெயரும் 2018இல் நுவரெலியாப் பிரதேச சபை மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது புதிய பிரதேச சபைகளின் பெயர்களாயின. உங்கள் பாட்டனாரின் கடதாசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் திகதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 1950க்கு முந்தியதாக இருந்து அவர் பெயர் வாக்காளராகக் குறிக்கப்பட்டிருந்தால், 1947இல் வாக்களித்த தலைமுறையின் சான்று அது. 1950க்குப் பிந்தியதாக இருந்தால், அவர் பிரசாவுரிமைப் பதிவு பெற்ற சிலரில் ஒருவராக இருந்திருக்கலாம்; அப்படியானால் விண்ணப்ப இலக்கமோ பதிவுச் சான்றிதழோ அதே கட்டுக்குள் இருக்க வாய்ப்புண்டு. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் எழுதியிருந்தால் அவற்றை 1946 எல்லை விவரிப்போடு ஒப்பிடலாம். மடிப்புகளில் கிழியும் நிலையில் இருந்தால் விரித்துப் பார்ப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.